ராயக்கோட்டை பாய்லர் கடை: பனிக்காலத்து டீயும் அவரைக்கொட்டை வடையும்

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டையில் தக்காளி மண்டிக்குப் போகும் வழியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு டீக்கடை இருக்கிறது. வாசலில் பித்தளை பாய்லர், மேலே சிமெண்ட் ஷீட், உள்ளே சில மரப் பெஞ்சுகள். அங்கே வருகிறவர்கள் “பாய்லர் கடை” என்றுதான் சொல்கிறார்கள். கார்த்திகை பாதியிலிருந்து தை முடியும்வரை, உட்கார்ந்து நிதானமாகக் குடிக்க நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு கடையைத்தான் சொல்கிறேன்.

குளிர்காலத்தில்தான் பெரும்பாலான கடைகளில் டீ கெட்டுப்போகிறது. பனி இறங்கியதும் கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடியதும் டிகாஷன் அடுப்பிலேயே கிடந்து கொதிக்கிறது. பழைய தூளைக் கொட்டாமல் அதன் மேலேயே புதுத் தூளைப் போடுகிறார்கள். பாலும் நாள் முழுக்கக் கொதித்து நிறம் மாறிவிடும். கையில் கிளாஸ் சூடாக இருப்பதால் குடிப்பவருக்கும் அது உடனே தெரிவதில்லை. இந்தக் கடையில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. வாசலில் எத்தனை பேர் நின்றாலும் மாஸ்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதே இல்லை. இந்தக் கடையின் முதல் சிறப்பே அதுதான்.

நான் வேலை பார்ப்பது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில். மே மாதத்தில் லாரிகள் வரிசை கட்ட ஆரம்பித்தால் ஆகஸ்டு வரை மூச்சுவிட நேரம் இருக்காது. வந்து இறங்கும் ஒவ்வொரு லோடுக்கும் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பெங்களூரா ரக மாங்கூழின் இனிப்பு 14 பிரிக்ஸுக்கு (கரைந்திருக்கும் சர்க்கரையை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் வாங்குபவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கருவி ஒரு எண்ணைச் சொல்லும். ஆனால் லேசாகப் புளித்திருக்கிறதா, கொஞ்சம் காந்திவிட்டதா என்பதெல்லாம் நாக்குக்குத்தான் தெரியும். அந்த மாதங்களில் டீ குடிப்பதே நாக்கைக் கழுவத்தான். மழை முடிந்து இயந்திரங்களைக் கழற்றிப் பராமரிக்கிற பனிக்காலத்தில்தான் எங்களுக்கு லீவு கிடைக்கும், ஒரு டீயை ரசித்துக் குடிக்கிற பொறுமையும் வரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ராயக்கோட்டை ஓசூர் மேட்டுப் பக்கம் இருப்பதால், அங்கே போகப்போகக் குளிர் ஏறுவது வண்டி ஓட்டும் கையிலேயே தெரியும். கையுறை இல்லாமல் ஸ்கூட்டியில் போகாதீர்கள். இன்னொன்று, மார்கழியில் சில இடங்களில் ராகித் தாளையும் கொள்ளுச் செடியையும் தார் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள், வண்டிகள் ஏறி மிதித்துத் தானியம் உதிரட்டும் என்று. பனியில் நனைந்த தாள் மேல் இரண்டு சக்கர வண்டி வழுக்கும். வேகத்தைக் குறைத்துப் போங்கள்.

சரி, டீக்கு வருவோம்.

பாய்லர் கரி அடுப்பில் ஓடுவது. நடுக்குழாயில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும். உள்ளே ஒரு காசு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் கொதி நிலைக்கு வந்தால் அது கடகடவென்று ஆட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் அடங்கியிருந்தால் மாஸ்டர் டிகாஷனில் கை வைப்பதில்லை. கரியைத் தள்ளிவிட்டு, “கொஞ்சம் இருங்கக்கா, தண்ணி இறங்கிடுச்சு” என்பார். எதிரே ஏழெட்டுப் பேர் நின்றாலும் அப்படித்தான். கொதிக்காத தண்ணீரில் டீத்தூள் நிறம் கொடுக்கும், வாசம் கொடுக்காது. அதிகாலை நாலு மணிக்கே கடை திறந்து, பனியில் நடுங்கிக்கொண்டு வரும் லோடுமேன்களைக் காக்க வைப்பது எளிதல்ல. ஆனால் அவர்களும் காத்திருக்கிறார்கள்.

தூளைத் துணி வடிப்பையில் போட்டு, பாய்லர் தண்ணீரை ஒரே சீராக ஊற்றுகிறார். கீழே இறங்கிய சாயத்தை எடுத்து மறுபடி ஒரு முறை தூளின் மேல் ஊற்றுகிறார். அவ்வளவுதான். பையை முறுக்கிப் பிழிவதில்லை. நான் கவனித்தவரை, சில கிளாஸ்களுக்கு மேல் ஒரு தூளை அவர் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் இருக்கும் வாளியில் கொட்டிவிட்டுப் பையை அலசுகிறார். கடைகளில் பயன்படுவது சி.டி.சி. தூள், இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது. மிக நுண்ணிய தூள் என்பதால் கொடுக்க வேண்டியதை ஓரிரு நிமிடத்திலேயே கொடுத்துவிடும். அதற்குப் பிறகும் தண்ணீரில் கிடந்தால் வருவது துவர்ப்பும் கசப்பும்தான். பாலில் இருக்கும் கேசின் என்கிற புரதம் துவர்ப்பை ஓரளவு பிடித்துக்கொள்ளும். பால் டீ நாக்கை இழுக்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் அடுப்பில் வெந்து கறுத்துப்போன சாயத்தைப் பாலாலும் காப்பாற்ற முடியாது. அதை மறைக்கத்தான் கூடுதல் சர்க்கரை, ஏலக்காய் எசன்ஸ், மசாலாப் பொடி எல்லாம். நெடுஞ்சாலை ஓரத்தில் மண் கோப்பையில் 40 ரூபாய்க்குக் கொடுக்கும் ஒரு கடையில் குடித்தேன். கோப்பையில் கிராம்பு வாசம் வந்தது, பட்டை வாசம் வந்தது, டீ வாசம் கடைசிவரை வரவில்லை.

இங்கே டீ 12 ரூபாய். கண்ணாடி கிளாஸ்தான், காகிதக் கப் இல்லை. கிளாஸைப் பாய்லர் தண்ணீரில் அலசி, அந்தச் சூடு ஆறுவதற்குள் சர்க்கரை, பால், சாயம் என்று வரிசையாக விட்டு, இரண்டே இரண்டு ஆத்து ஆத்திக் கொடுக்கிறார். பனிக்காலத்தில் குளிர்ந்த கிளாஸில் ஊற்றினால் டீயின் சூடு பாதி அங்கேயே போய்விடும். சூடேறிய கிளாஸில் கடைசி மடக்கு வரை சூடு நிற்கிறது, அதனால் அவசரமாகக் குடிக்க வேண்டியதில்லை. “நல்லா ஆத்துங்க” என்று கேட்டால் கூடுதலாக ஆத்துவார். இந்தக் குளிருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சர்க்கரை கம்மி என்றால் உண்மையிலேயே கம்மியாகப் போடுகிறார். பல கடைகளில் இதைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வழக்கமான கரண்டியைத்தான் போடுவார்கள்.

சுவையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் வருவது வாசம். குன்னூர்ப் பக்கத்துத் தூளுக்கே உரிய, லேசான பூ வாசம். பிறகு நாக்கின் இரு ஓரத்திலும் ஒரு சுறுசுறுப்பு. பால் கடைசியில் வந்து எல்லாவற்றையும் மூடும். குடித்து முடித்த பிறகு தொண்டையில் கசப்பு தங்குவதில்லை. நிறம் செங்கல் நிறம். கறுப்பு இல்லை, வெளுப்பும் இல்லை.

இரண்டு வகைத் தூளைக் கலக்கிறேன் என்று மாஸ்டர் சொன்னார்: நிறத்துக்கு அசாம், வாசத்துக்கு நீலகிரி. எந்த அளவில் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அது அவருடைய தொழில். ஆனால் குளிர்காலத்தில் நீலகிரியைக் கொஞ்சம் கூட்டுகிறாராம். அதில் ஞாயம் இருக்கிறது. அசாமில் கடுங்குளிரில் செடி உறங்கிவிடும், பறிப்பு நின்றுவிடும். நீலகிரியில் ஆண்டு முழுக்கப் பறிப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசம் கூடும். அந்த மாதங்களின் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. தூளில் செயற்கைச் சாயம் கலந்திருக்கிறதா என்று ஒரு சந்தேகம் எனக்கு எப்போதுமே உண்டு, தொழில் பழக்கம். ஒரு சிட்டிகை கேட்டு வாங்கிப் போய், நனைத்த வடிதாளில் தூவிப் பார்த்தேன். சாயம் சேர்த்த தூள் என்றால் உடனே தாளில் செம்பழுப்புப் புள்ளிகள் பரவும். பரவவில்லை. அவரிடம் அதைச் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நின்ற எல்லோரிடமும் சொன்னார். இந்தச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

இஞ்சி டீ கேட்டால் இஞ்சியை உரலில் தட்டி, தனியாக ஒரு சின்னப் பாத்திரத்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைச் சாயத்தோடு சேர்க்கிறார். பச்சை இஞ்சியை நேரே சூடான பாலில் போட்டால் பால் திரிய வாய்ப்பு உண்டு. வெல்லம் போட்ட பால் டீ கேட்டுப் பாருங்கள், தரமாட்டார். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் திரியும் என்பார். அதற்குப் பதிலாக வெல்லம் போட்ட கடுங்காப்பியோ சுக்குமல்லிக் காப்பியோ கொடுப்பார். பொங்கல் நெருங்கும்போது புது வெல்லம் வந்திருக்கும், அதில் போட்ட சுக்குமல்லி வேறு தரம். மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் டீயை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். இருமல் இருந்தால் கண்டிப்பாக.

இப்போது வடை. இதற்காகவே தனியாக வரலாம்.

எங்கள் பக்கத்தில் மானாவாரி ராகிக் காட்டில் இடையிடையே அவரையும் சால் விட்டு விதைப்பார்கள். ராகி அறுத்த பிறகும் அவரை நின்று, பனி விழ விழக் காய்க்கும். மார்கழி, தையில் கிருஷ்ணகிரி, தருமபுரி எங்கே பார்த்தாலும் குவியல் குவியலாகப் பச்சை அவரைக்காய்தான். பனியில் காய்த்த காயைக் கையில் எடுத்தாலே விரலில் ஒரு பிசுபிசுப்பும் வாசமும் ஒட்டும். வாங்குபவர்கள் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார்கள். உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை நீக்கினால் பிதுக்கம்பருப்பு. களிக்கு அந்தக் குழம்பு வைத்தால் வீட்டில் யாரும் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

மாஸ்டரின் மனைவி இந்தப் பருப்பைக் கடலைப்பருப்பு மாவில் முழுசாகச் சேர்த்து மசால் வடை போடுகிறார். கடலைப்பருப்பைக் கொரகொரப்பாகத்தான் அரைக்கிறார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் சோம்பு, அவ்வளவே. பூண்டு போடுவதில்லை, போட்டால் அவரை வாசம் அமுங்கிவிடும் என்கிறார். வெளியே மொறுமொறு என்றும், உள்ளே கடிக்கும்போது அவரைக்கொட்டை வெண்ணெயாக மசிந்தும் வரும். ஒரு வடை 10 ரூபாய். ஒரு வடைக்கான பருப்பைப் பிதுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். “இந்த விலைக்கு எப்படிக்கா கட்டுப்படியாகுது?” என்று கேட்டேன். “ராத்திரி மாமியாரும் நானும் டிவி பார்த்துக்கிட்டே பிதுக்கிடுவோம். கூலி போட்டா கட்டாதுதான்” என்றார். அந்தக் கூலி விலையில் சேரவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. 15 ரூபாய் என்று வைத்தாலும் நான் வாங்குவேன், மற்றவர்களும் வாங்குவார்கள்.

எட்டு மணிக்குப் போடும் முதல் ஈடு வடைதான் சிறந்தது. பத்தரைக்கு மேல் எண்ணெய் கொஞ்சம் களைத்துவிடுகிறது, வடையின் நிறம் கறுக்கிறது. போண்டா, மிளகாய் பஜ்ஜி எல்லாம் உண்டு, சுமார்தான். கண்ணாடி பாட்டிலில் இருக்கும் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எப்போது போவது என்பது முக்கியம். காலை நாலு முதல் ஏழரை வரை மண்டிக் கூட்டம். தக்காளி கிரேட்களோடு டெம்போக்கள், ஏலத்துக்கு முன்னால் சாமந்திப்பூ மூட்டையோடு நிற்கும் வண்டிகள், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பெஞ்சில். பார்க்க நன்றாக இருக்கும், உட்கார இடம் இருக்காது. எட்டு மணிக்கு மேல் கூட்டம் வடியும். அப்போது ராயக்கோட்டை மலை பனியில் முழுசாக மறைந்திருக்கும். ஒன்பது மணி வாக்கில் வெயில் ஏறி முதலில் உச்சிப் பாறையும் பிறகு கோட்டைச் சுவரும் தெரியும். 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது, இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏற விருப்பம் இருந்தால் டீயை முடித்துவிட்டு ஏறுங்கள், வடையை இறங்கி வந்து சாப்பிடுங்கள்.

எட்டிலிருந்து பத்து வரை, ஓசூர் ரோட்டுப் பக்கத்துப் பெஞ்சில் இளவெயில் விழும். நான் விரும்பி உட்காருவது அங்கேதான். என் அண்ணி பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருவார், நான் கிருஷ்ணகிரியிலிருந்து போவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் விழும் ஊர் இது. வீட்டில் சந்தித்தால் அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார், யாருக்காவது ஏதாவது செய்துகொண்டே இருப்பார். இங்கே அவர் கையில் ஒருவர் கிளாஸைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் எழுந்திருக்காமல் பேசுகிற ஒரே இடம் இதுதான். இரண்டு பெண்கள் டீக்கடைப் பெஞ்சில் இவ்வளவு நேரம் உட்கார்ந்தால் பல ஊர்களில் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே மாஸ்டரின் மனைவி முதல் நாளே, “அக்கா, வெயில் இந்தப் பக்கம் வரும், இங்க உட்காருங்க” என்று பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். அதன்பிறகு ஒருவர்கூட எங்களை ஒரு மாதிரிப் பார்த்ததில்லை. டீ முடிந்துவிட்டதே, இன்னும் எழவில்லையே என்று கடைக்காரர்களும் முகம் காட்டியதில்லை.

காதில் விழும் பேச்சும் எனக்குப் பிடிக்கும். இந்த மாதங்களில் பாதிப் பேச்சு மாம்பூவைப் பற்றித்தான். டிசம்பரில் அங்கங்கே பூ எடுக்க ஆரம்பிக்கும், ஜனவரியில் தோப்பே நிறம் மாறும். மூடுபனி நீடித்தால் பூவில் சாம்பல் நோய் வரும், தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிப் பூ கருகும். பெரியவர் ஒருவர் தன் தோப்பிலிருந்து ஒரு பூங்கொத்தைப் பறித்துத் துண்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மருந்து அடிக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று நாலு பேரிடம் காட்டினார். நானும் வாங்கிப் பார்த்தேன். அடுத்த மே மாதம் எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு வரப்போகும் லோடு அது. பூவின் மேல் வெள்ளைப் படலம் லேசாகத்தான் இருந்தது. உடனே தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டச் சொன்னேன். அவர் அங்கேயே டீயை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை இல்லை, பெண்களுக்கு இது பெரிய குறை, பேருந்து நிலையத்துக்குத்தான் போக வேண்டும். காலைக் கூட்டத்தில் பீடிப் புகை அதிகம், உள் பெஞ்சில் மூச்சு முட்டும். மதியம் பன்னிரண்டுக்கு மேல் மாஸ்டர் தூங்கப் போய்விடுவார், உறவுக்காரப் பையன் நிற்பான். மரியாதையான பையன், ஆனால் அவன் கையில் டீ வெறும் சூடான பாலாகிவிடுகிறது. நாலரைக்கு மாஸ்டர் திரும்பி வருவார், அதுவரை பொறுத்திருப்பது நல்லது. கார் நிறுத்த வசதி இல்லை. க்யூ.ஆர். அட்டை இருக்கிறது, காலை நேரத்தில் சில்லறையாகக் கொடுத்தால் அவருக்கு உதவி.

தை கடைசியில் அவரை வரத்து குறையும், மாசி பிறந்தால் வடையில் அவரைக்கொட்டை இருக்காது. பொங்கலுக்கு முந்தின சில நாட்கள் பூ, கரும்பு, மஞ்சள் என்று அந்தச் சாலையே நெரிசலாகிவிடும், பெஞ்சிலும் மூட்டை அடுக்கியிருப்பார்கள். அந்த நாட்களைத் தவிர்த்து, எட்டு மணிக்குப் போய் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். நாலு பேருக்கு மேல் போவதாக இருந்தால், இறங்கியதும் முதலில் வடைக்குச் சொல்லிவிட்டு அப்புறம் டீக்குச் சொல்லுங்கள். முதல் ஈடு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.